காரைக்கால் அம்மையாரின் பட்டியலில் உள்ள குடமுழா

காவிரிப் படுகையின் கடற்கரையில், தமிழ்நாட்டு மாவட்டங்களால் நிலப்புறம் முழுதும் சூழப்பட்டு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் காரைக்கால், தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் விடியற்காலத்தில் பாடிய ஒரு பெண்ணின் ஊர் என்பதைப் பலரும் அறிவர். அந்தப் பெண் தம் பதிகமொன்றில் இசைக்கருவிகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் சொல்லியிருக்கிறார் என்பதும், அவற்றுட் பல இன்று வெறும் பெயர்களாகச் சுருங்கிவிட, குடமுழா என்னும் கருவி ஐந்து முகங்களோடு வளர்ந்த வடிவில் அதே சோழ நாட்டுக் கோயில்களில் எஞ்சி நிற்கிறது என்பதும் அந்த அளவுக்குப் பரவலாக அறியப்பட்ட செய்திகள் அல்ல.

புனிதவதி என்னும் இயற்பெயர் கொண்ட காரைக்கால் அம்மையார் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டைப் பாடும் மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை அவர் இயற்றியவை. தேவார மூவர்க்கும் முற்பட்டுப் பதிகம் என்னும் யாப்பமைதியைத் தொடங்கி வைத்தமையால் அவர் பதிகங்களுக்கு மூத்த என்ற அடைமொழி அமைந்தது. அவற்றுள் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் பாடப்பெறுகின்றன. முதற்பதிகத்தின் ஒரு பாடலில் ஏழிசையின் தமிழ்ப் பெயர்களைக் குறித்துவிட்டு, இறைவன் ஆடும்போது முழங்கும் கருவிகளைச் சொல்லத் தொடங்கும் அம்மையார், தக்கை, துந்துபி, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை எனத் தோற்கருவிகளைப் பெயர்பெயராகக் கூறுகிறார். சுடுகாட்டில் ஆடும் கூத்தைப் பாடும் ஒரு பதிகத்தில் இத்தனை துல்லியமான இசைக் குறிப்புகள் இடம்பெற்றிருப்பது, பாடியவர் இசைநூல் அறிந்தவர் என்பதற்கும், அந்தக் கருவிகள் அவர் காலத்து மக்களின் காதுகளுக்குப் பழக்கமானவை என்பதற்கும் சான்றாகக் கொள்ளத்தக்கது.

அம்மையாருக்கும் இசைக்கும் உள்ள தொடர்பைச் சிற்பிகளும் மறக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் கைத்தாளம் கொட்டியபடி அவர் அமர்ந்திருக்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் எலும்பு தெரியும் உடலோடு, கைகளில் சிறு தாளங்களை ஏந்தியவராகவே வடிக்கப்பெற்றிருக்கிறார். அத்தகைய திருமேனிகளுள் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று அமெரிக்காவின் கான்சஸ் நகரிலுள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. கடல் கடந்து கம்போடியாவிலும், கி.பி. 967இல் நிறுவப்பட்ட பண்டே ஸ்ரீ கோயிலின் முகப்புச் சிற்பத்தில், ஆடும் சிவனுக்கு அருகே அம்மையாரின் உருவம் காணப்படுகிறது. தாளம் வெண்கலத்தால் ஆனது, அதைச் செதுக்கியும் வார்த்தும் காட்டிவிடலாம். தோற்கருவியின் நிலை அவ்வாறன்று. தோல் அழுகும், கிழியும், மழைக்காலத்தில் ஈரம் கோத்துத் தளரும். ஆகவே முழவுகளின் வரலாற்றை எழுதப் புகுவோருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பாடல்களில் உள்ள பெயர்களும், சிற்பங்களில் உள்ள வடிவங்களும், அரிதாகக் கோயில் அறைகளில் எஞ்சிய கலங்களும்தாம்.

அவ்வாறு எஞ்சியவற்றுள் தலைசிறந்தது திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் குடமுழா. பஞ்சமுக வாத்தியம் என்றும் ஐம்முக முழவம் என்றும் அது வழங்கப்படுகிறது. இதைப் போன்ற மற்றொன்று திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசர் கோயிலில் உள்ளது. கலம் வெண்கலத்தால், அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால், பெரிய குடத்தின் வடிவில் வார்க்கப்பட்டது. குடத்திற்கு ஒரு வாய் இருக்கும் இடத்தில் இதற்கு ஐந்து வாய்கள் மேல்நோக்கி எழுகின்றன. நடுவில் இருப்பது அளவில் பெரியது, மற்ற நான்கும் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு வாயும் தனித்தனியே தோலால் போர்த்தப்படுகிறது. சிவனின் ஐந்து முகங்களான ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் ஆகியவற்றை இந்த ஐந்து வாய்களும் குறிப்பதாகச் சைவ மரபு கூறும். திருவாரூர்க் கருவியில் சூழ்ந்துள்ள வாய்களுள் ஒன்று பாம்பு சுற்றியதுபோலவும், ஒன்று சுவத்திகக் குறியோடும், ஒன்று தாமரை மலரின் அமைப்பிலும், ஒன்று அடையாளம் ஏதுமின்றியும் உள்ளன. இக்குறிகள் அழகுக்காக மட்டும் பொறிக்கப்பட்டிருக்குமானால் எல்லா வாய்களிலும் இருந்திருக்கும்; இசைப்பவர் எந்த முகம் எது என்று பெயர் சொல்லிக் கற்கவும் கற்பிக்கவும் இவை துணை செய்திருக்கும் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஐந்து வாய்களுக்கு ஒரே வயிறு என்னும் அமைப்பே இக்கருவியின் ஒலிக்குக் காரணம். மிருதங்கம் போன்ற இருமுகக் கருவியில் ஒரு தோலைத் தட்டினால் உள்ளே அடைபட்ட காற்று அழுத்தம் பெற்று மறுமுகத்துத் தோலையும் அசைக்கிறது. அதனால்தான் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தாங்கி ஒலிக்கின்றன. குடமுழாவில் ஒரு முகத்தில் விழும் அடி, பொதுவான காற்றறையின் வழியே மற்ற நான்கு தோல்களையும் சற்றே அதிரச் செய்கிறது. வாயின் அகலமும் தோலின் கனமும் இறுக்கமும் முகத்துக்கு முகம் வேறுபடுவதால் ஒவ்வொன்றின் ஒலியும் வேறுபடுகிறது. அகன்ற நடுமுகம் தாழ்ந்த ஒலியைத் தர, சிறிய முகங்கள் உயர்ந்த ஒலிகளைத் தருகின்றன. பருத்த வெண்கலச் சுவர் மரத்தைப் போல அதிர்வை உண்டுவிடாமல் திருப்பி அனுப்புவதால் கோயிற் பிராகாரத்தில் முழக்கம் நெடுந்தொலைவு செல்கிறது. இந்தியத் தோற்கருவிகளின் இயற்பியலை முதலில் முறையாக ஆராய்ந்தவர் சர் சி.வி. இராமன். மிருதங்கத்தின் வலப்புறத் தோலில் நடுவே அப்பப்படும் கரிய சாந்து, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, நரம்புக்கருவியின் ஒலியை ஒத்த இனிமையைத் தருகிறது என்பதை அவர் 1920இலும் பின்னர் 1934இலும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். ஒரே காற்றறையால் இணைந்த ஐந்து தோல்களின் நடத்தை அதைவிடச் சிக்கலானது; இன்றைய ஒலியியல் கருவிகளைக் கொண்டு அளந்து பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் தமிழகத்து இயற்பியல் மாணவர்க்குக் கிடைப்பது அரிது.

கருவி தனித்து நிற்பதன்று. திருவாரூர்க் கோயிலுக்கே உரியதான பாரி நாயனம் என்னும் நாகசுர வகையும், கொடுகொட்டி என்னும் இரட்டைத் தோற்கருவியும், சுத்த மத்தளமும் ஒன்று சேர்ந்து அமைந்த இசைக்குழாத்தில் குடமுழாவும் ஓர் உறுப்பு. முட்டுக்காரர் என்று அழைக்கப்படும் பாரசைவ மரபினர் சுத்த மத்தளத்தையும் குடமுழாவையும் தலைமுறை தலைமுறையாக இசைத்து வந்துள்ளனர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களுள் ஒருவரான தம்பியப்பன், சுத்த மத்தளம் தம்பியப்பன் என்றே கருநாடக இசை வரலாற்றில் அறியப்படுகிறார். அவரது வயிற்றுவலி தீரும்பொருட்டே தீட்சிதர் குரு கோளின் மீது கிருதி இயற்றினார் என்றும், நவக்கிரகக் கிருதிகள் அவ்வாறே தொடங்கின என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. அந்தச் செய்தியின் உண்மைத்தன்மை எவ்வாறாயினும், கோயிலில் முழவு இசைத்த ஒருவர் அக்காலத்தின் மிகப் பெரிய இசை மேதையிடம் கற்றார் என்பதும், கோயில் முழவின் தாள அறிவும் கீர்த்தனை மரபும் ஒரே தெருவில் ஒன்றையொன்று சந்தித்தன என்பதும் கவனிக்கத்தக்கவை.

காரைக்கால் வட்டாரத்துக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. முசுகுந்தச் சோழன் தேவலோகத்திலிருந்து கொணர்ந்ததாகப் புராணம் கூறும் ஏழு விடங்கர்கள், அதாவது உளியால் செதுக்கப்படாத சிறு இலிங்கங்கள், எழுந்தருளியுள்ள ஏழு தலங்கள் சப்த விடங்கத் தலங்கள் எனப்படுகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஆறும் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்க, ஏழாவதான திருநள்ளாறு காரைக்கால் மாவட்டத்தில் அமைந்துள்ளது. சனிக்கிழமைகளில் நளதீர்த்தத்தில் நீராட வருவோரின் கூட்டத்தில் அந்தக் கோயிலின் தியாகராசர் சன்னிதி பலரது கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆனால் மரபின்படி ஏழு தலங்களிலும் தியாகராசர் ஒவ்வொரு வகையான நடனத்துக்கு உரியவர். திருவாரூரில் அது அசபா நடனம், அதாவது மந்திரம் உச்சரிக்காமல் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு இயலும் ஆடல். திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், அதாவது பித்தனின் ஆடல். ஆடல் ஏழு வகையாயின் அவற்றுக்குரிய தாளமும் முழவும் வேறு வேறாகவே இருந்திருக்க வேண்டும். இந்தக் கோணத்தில் பார்த்தால், குடமுழாவைத் திருவாரூருக்கு மட்டும் உரிய ஓர் அதிசயப் பொருளாகக் காண்பது குறைவான பார்வை. ஏழு ஊர்களை இணைத்த ஓர் ஆடல் வழிபாட்டு மரபின் எச்சமாகவே அதைக் காண வேண்டும்.

அம்மையார் கேட்ட குடமுழாவுக்கு ஐந்து வாய் இருந்ததா என்ற வினா இங்கே எழுவது இயல்பு. தேவாரப் பாடல்களில் குடமுழா பலமுறை குறிக்கப்படுகிறது. நந்தி அதை இசைப்பதாக ஒரு மரபும், ஆயிரம் கைகளை உடைய வாணன் என்னும் அசுரன் இசைப்பதாக மற்றொரு மரபும் உண்டு. நடராசர் புடைப்புச் சிற்பங்களில் காலடியில் அமர்ந்து பானை வடிவ முழவை இசைக்கும் கணங்களைக் காணலாம். அந்தப் பானைகளுக்குப் பொதுவாக ஒரே வாய்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளை முப்பதுக்கும் மேலாகப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தும் இடத்தில் குடமுழாவையும் சேர்க்கிறார். அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு எனத் தரம் பிரித்துக் காட்டும் அந்த உரைப்பகுதி தமிழ் இசை வரலாற்றில் விலைமதிப்பற்றது. ஒரு வாயுடைய குடமுழாவே பழையது, ஐந்து வாய்கள் பிற்காலச் சோழர் காலத்தை ஒட்டிய வளர்ச்சி என்று கொள்வதே கிடைக்கும் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவோர் 48 பேரோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் சேர்த்து 50 பேரை நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. கோயில்கள் இவ்வாறு இசைக்குழுக்களை ஊதியம் கொடுத்து நிலைநிறுத்திய சூழலில், ஒரு பானைக்கு ஐந்து வாய் வைத்து வார்க்கத் துணியும் கொல்லரும், அதை ஆளக்கூடிய கைகளும் உருவாவது எளிதாயிற்று.

ஒரு வாயுடைய பழைய வடிவம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. கேரளத்தில் கூடியாட்டத்திற்கு உயிர்நாடியாக விளங்கும் மிழாவு, செம்பினால் ஆன பெரிய குடத்தின் குறுகிய வாயைத் தோலால் போர்த்தி, இரு கைகளாலும் தட்டி இசைக்கப்படும் கருவி. மரச் சட்டகத்துக்குள் அது நிறுத்தி வைக்கப்படுகிறது. நம்பியார் சமூகத்தினர் அதை மரபாக இசைத்து வருகின்றனர். மிழாவை ஒரு பிரமசாரியாகக் கருதி அதற்குச் சடங்குகள் செய்யும் வழக்கமும் உண்டு. கூடியாட்டத்தை 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுகளுள் ஒன்றாக அறிவித்த பின்னர் மிழாவு கற்பிக்கும் நிறுவனங்களுக்கும் கலைஞர்களுக்கும் ஓரளவு ஆதரவு பெருகியது. தமிழ்நாட்டுக் குடமுழாவுக்கு அத்தகைய நாடக அரங்கு ஏதும் இல்லை. அதற்கு இருந்த அரங்கு கோயிலே.

கோயிலில் எஞ்சிய இக்கருவியின் நிலையை ஒப்பிட்டு உணர, அருங்காட்சியகங்கள் முழவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய வரலாற்றை இந்த இடத்தில் பார்ப்பது பயன்தரும். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு 1798இல் சென்ற அறிஞர் குழுவில் வில்லோத்தோ என்னும் இசையறிஞரும் இருந்தார். எகிப்திய இசையையும் கருவிகளையும் பற்றி அவர் எழுதியவை அந்தக் குழுவின் பெருநூல் வரிசையில் வெளியாயின. அதற்குச் சற்று முன்னரே, புதுச்சேரியில் தங்கியிருந்த சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1782இல் வெளியிட்ட பயண நூலில் தென்னிந்திய இசைக்கருவிகளின் படங்களைச் சேர்த்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்கள் உலகெங்குமிருந்து கருவிகளைத் திரட்டின. அவற்றில் தவறாது இடம்பெற்றவற்றுள் ஒன்று தர்புக்கா என்னும் எகிப்திய முழவு. எகிப்தியர் அதைத் தப்லா என்றும் அழைப்பர்; மேலே அகன்றும் இடையில் குறுகியும் உள்ள சுட்ட மண் உடலின் அகன்ற வாயில் மீன் தோலோ ஆட்டுத் தோலோ ஒட்டப்பட்டு, அடிப்பக்கம் திறந்தே விடப்படும். மடியில் கிடத்தி, தோலின் நடுவில் தட்டினால் தும் என்றும் விளிம்பில் தட்டினால் தக் என்றும் ஒலிக்கும். இந்த இரண்டு அடிகளின் அடுக்குகளே எகிப்தியத் தாளங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

இந்தியக் கருவிகளும் அவ்வாறே பயணம் செய்தன. வங்காளத்தின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னருக்கு அனுப்பிய ஏறத்தாழ 100 கருவிகள், மறு ஆண்டு பிரசெல்சில் உருவான இசைக்கருவி அருங்காட்சியகத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயின. அதன் முதல் காப்பாளர் மகியோன் தம் பட்டியலில் கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். நரம்பு, துளை, தோல், கஞ்சம் எனத் தமிழ் நூல்களும், ததம், சுஷிரம், அவனத்தம், கனம் எனப் பரதரின் நாட்டிய சாத்திரமும் பிரித்த முறையோடு அது ஒத்திருந்தது. அதை விரித்து ஹார்ன்போஸ்டலும் சாக்சும் 1914இல் வகுத்த பகுப்பே இன்று உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் நடைமுறையில் உள்ளது. தமிழகத்தில் இசை அறிஞர் பி. சாம்பமூர்த்தி, சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் தொகுத்து, அது 1931இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது.

அருங்காட்சியக அட்டையில் என்ன எழுதப்படுகிறது என்பதை நோக்கினால் அதன் பயனும் எல்லையும் விளங்கும். நாடு, காலம், பொருள், உயரம், விட்டம், கொடையாளர் பெயர் ஆகியவை அதில் இருக்கும், அடிகள் இருக்கமாட்டா. எகிப்திய முழவைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பன்று, ஏனெனில் கண்ணாடிப் பேழைக்குள் மௌனமாக இருக்கும் மண் முழவு எப்படி ஒலிக்கும் என்பதைக் கெய்ரோவின் எந்தத் திருமண ஊர்வலமும் சொல்லிவிடும். மண்ணுக்குப் பதில் அலுமினியமும் மீன் தோலுக்குப் பதில் செயற்கைத் தோலும் வந்துவிட்ட பின்னும் தும்மும் தக்கும் மாறவில்லை. குடமுழாவின் நிலை இதற்கு நேர்மாறானது. கலம் கோயிலில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் பல நூற்றாண்டுகள் இருக்கும். ஆனால் எந்த முகத்தில் எந்தச் சொல்லை எந்தக் கை வைக்க வேண்டும், பூசையின் எந்தக் கட்டத்தில் எந்தத் தாளம் தொடங்க வேண்டும், தோலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அறிவு மிகச் சில குடும்பங்களின் கைகளிலும் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. எகிப்தியர்க்குப் பொருள் போனாலும் மரபு மிஞ்சும். தமிழர்க்கு மரபு போய்ப் பொருள் மட்டும் மிஞ்சக்கூடிய ஆபத்து இருக்கிறது.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. கோயிற் பணியாளர்க்கு மானியமாக விடப்பட்ட நிலங்களே பல தலைமுறைகளுக்கு அவர்களின் ஊதியமாக இருந்தன. 1963இல் சென்னை மாநிலத்தில் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டபோது அந்தப் பழைய ஏற்பாடு குலைந்தது. கோயில் ஆடல் மகளிரின் பணியை முடிவுக்குக் கொண்டுவந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் மாண்பு கருதித் தேவைப்பட்டதுதான். எனினும் அந்த ஆடலோடு சேர்ந்து ஒலித்த மத்தளச் சொற்கட்டுகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை அப்போது எவரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோலின் கதை வேறு. பழைய விவரிப்புகள் குடமுழாவின் முகங்கள் மான்தோலால் போர்த்தப்பட்டதாகக் கூறுகின்றன; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதற்கு வழியில்லை, இருக்கவும் கூடாது. ஆட்டுத் தோலுக்கு மாறும்போது ஒலி எவ்வாறு மாறுகிறது, மாற்றத்தைச் சரிசெய்ய இறுக்கத்தை எப்படி அமைப்பது என்பவை முழவு செய்யும் கைவினைஞரும் இசைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் இந்தக் கடற்கரைப் படுகையில், பறைக் கலைஞர்கள் வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி இறுக்கிக்கொள்வார்கள். அசைக்க முடியாத வெண்கலக் கலத்தில் பொருந்திய தோலுக்கு அதுவும் எளிதன்று.

ஆட்சி எல்லையும் ஒரு தடை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சியோடு இணைந்து, 1962இல் சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. சப்த விடங்கத் தலங்களுள் ஆறு தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையின் கீழும், திருநள்ளாறு புதுச்சேரி அரசின் சமய நிறுவனச் சட்டத்தின் கீழும் வருகின்றன. ஒரே இசை மரபின் கிளைகளை இரண்டு அரசுகளின் இரண்டு துறைகள் தனித்தனியே நிர்வகிக்கும்போது, ஆவணப்படுத்தும் பணி எந்தக் கோப்பிலும் இடம்பெறாமல் நழுவிவிடுவது எளிது.

கருவி ஒன்று மறைந்தால் அதை மீட்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்காலை அடுத்த தருமபுரத்தில்தான், திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் அடக்க இயலாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை முறிக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பதிகம் யாழ்மூரி என்று பெயர் பெற்றது; கோயிலின் இறைவன் யாழ்மூரிநாதர் என்று பெயர் பெற்றார். அந்த யாழ் பின்னர் தமிழ்நாட்டிலிருந்தே மறைந்தது. எத்தனை நரம்பு, எவ்வாறு பண் அமைத்தனர் என்பதை இலக்கியங்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் கணக்கிட்டுத் தேற்றுவதற்கு ஈழத்தறிஞர் விபுலாநந்த அடிகள் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார். அவருடைய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு திருவாரூருக்கு மேற்கேயுள்ள திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த சில வாரங்களில் அவர் மறைந்தார். அத்தனை உழைப்பிற்குப் பின்னும் பழைய யாழ்ப்பாணரின் விரல்கள் எவ்வாறு நகர்ந்தன என்பது மீளவில்லை. அது எழுத்தில் இல்லை, எனவே எவராலும் மீட்க முடியாது. குடமுழாவின் விரல்கள் இன்னும் இருக்கின்றன என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

செய்ய வேண்டியவை பெரும்பொருட் செலவு கோருபவை அல்ல. முதலாவதாக, திருவாரூரில் குடமுழா, சுத்த மத்தளம், கொடுகொட்டி, பாரி நாயனம் ஆகியவற்றை வழிபாட்டின் முழு ஒழுங்கில் ஒலியாகவும் காட்சியாகவும் பதிவு செய்ய வேண்டும். ஐந்து முகங்களின் ஒலியையும் தனித்தனியே பதிந்து சுருதியை அளக்க வேண்டும். சொற்கட்டுகளை இசைப்பவர்களே சொல்ல, அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். சைவ ஆகமச் சுவடிகளையும் கோயில்களின் ஒளிப்படங்களையும் பெருந்தொகுப்பாகப் பேணிவரும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், எந்தப் பூசைக்கு எந்த முழவு என்று ஆகமங்கள் விதிப்பவற்றை இப்பதிவுகளோடு ஒப்பிடத் தகுந்த இடம். காரைக்கால் பண்பலை வானொலியிடம் ஒலிப்பதிவுக்கான கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் உள்ளனர். கற்க விரும்பும் இளைஞருக்கு, அவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தவராயினும், உதவித்தொகையோடு கற்பிக்கும் ஏற்பாடு ஒன்றைப் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடத்தைப் போன்ற அரசு இசைக் கல்வி நிலையங்கள் தொடங்கலாம். கற்பிப்பவருக்கு ஆசிரியர்க்குரிய ஊதியமும் மதிப்பும் தரப்பட வேண்டும்.

ஆனித் திங்களில் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மக்கள் திரள்கிறார்கள். அம்மையார் இறைவனிடம் பெற்ற மாங்கனியை நினைந்து மாடங்களிலிருந்து கனிகளை இறைக்கிறார்கள். அந்த விழாவின் ஒரு மாலையில் அவர் பதிகத்தில் பெயர் சொல்லிய கருவிகளுள் எஞ்சியவற்றையேனும் அவர் ஊர் மக்கள் கேட்கும்படி செய்வதற்கு, திருவாரூர்க் கலைஞர்களை அழைத்து முன்னிறுத்துவதற்கு, இரண்டு அரசுகளின் அறநிலையத் துறைகளும் விழாக் குழுவினரும் ஒரு முறை கூடிப் பேசினால் போதும். அந்தப் பேச்சை இவ்வாண்டே தொடங்க வேண்டும்.